தண்ணீர் மீட்டரின் பல்ஸை எண்ண வைஃபையா, லோராவா?

வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் வைத்தாயிற்று. மாதாமாதம் யார் குனிந்து ரீடிங் எடுப்பது? பல்ஸ் வயர் (இவ்வளவு தண்ணீர் ஓடினால் ஒரு மின் துடிப்பு என்று தரும் கம்பி) உள்ள மீட்டர் என்றால், அதை எண்ணி அனுப்ப இரண்டு வழி உண்டு: வைஃபை, அல்லது குறைந்த மின்சாரத்தில் தூரம் போகும் ரேடியோவான லோரா.

செலவு: வைஃபைக்கு ஒரு இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்ன கணினிச் சில்லுப் பலகை), சில நூறு ரூபாய். லோராவில் நோடு (மீட்டரில் மாட்டும் எண்ணும் கருவி) விலை கூடுதல், கேட்வே (நோடுகள் அனுப்புவதை வாங்கி இணையத்துக்குத் தரும் பெட்டி) தனி.

மின்சாரம்: விஷயமே இங்கேதான். எப்போதும் வைஃபையில் இருக்கும் போர்டு பேட்டரியைச் சீக்கிரம் தீர்த்துவிடும். பிளக் பாயின்ட் வேண்டும். பைப் டக்டுக்குள் அதற்கு எங்கே போவது? கரண்ட் போனாலும் மேல்தொட்டித் தண்ணீர் ஓடும், போர்டு எண்ணாது. லோரா நோடு தூக்கத்திலேயே எண்ணி, அவ்வப்போது அனுப்பும். பேட்டரி வருடக்கணக்கில் வரும்.

தூரம்: கான்கிரீட் சுவர் இரண்டு தாண்டினால் வைஃபை திணறும். லோரா சில மாடி தாண்டும். இந்தியாவில் அதற்கான அலைவரிசை 865–868 மெகாஹெர்ட்ஸ், உரிமம் வேண்டாம்.

அமைப்பு: வைஃபை சுலபம். இஎஸ்பிஹோமில் (இந்தப் போர்டுகளுக்கான இலவச மென்பொருள்) சில வரி போதும்.

எதுவானாலும், பல்ஸ் தரும் ரீட் ஸ்விட்ச் (காந்தம் அருகே வந்தால் மூடும் ஸ்விட்ச்) மூடும்போது துள்ளும். ஒரு பல்ஸ் மூன்று நான்காக ஏறும். 50 மில்லிசெகண்ட் வடிகட்டி போடுங்கள்; அதற்குள் வரும் துள்ளல் எண்ணிக்கையில் ஏறாது.

தனி வீடு, பக்கத்தில் பிளக் என்றால் வைஃபை. இருபது வீட்டு அடுக்குமாடி என்றால், காசு பார்க்காமல் லோரா. அப்புறம், பல்ஸ் எண்ணிக்கை மாட்டிய நாளிலிருந்துதான் தொடங்கும்; அதனால் தொடக்க ரீடிங்கை டயலைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.