ஓசி6 துடுப்பாளருக்கு எந்தத் தனிப்படகு? வி1, ஓசி1, சர்ஃப்ஸ்கி, எஸ்யுபி ஒப்பீடு

பக்கத்தில் மிதவை பொருத்திய, ஆறு பேர் அமரும் ஓசி6 படகில் ஒருவர் சொதப்பினாலும் மற்ற ஐந்து பேர் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஹவாய்ப் பந்தயங்களில் படகே குறைந்தது 400 பவுண்டு, அதாவது 181 கிலோ. உங்கள் துடுப்பு ஒரு கணம் தாமதமாக விழுந்தால் அதற்குத் தெரியாது. தனியாக உட்கார்ந்தால்தான் தப்பு தெரியும். எந்தப் படகில் உட்காருவது என்பதுதான் கேள்வி.

ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் வி1, அதாவது பக்கமிதவை உள்ள ஒற்றை ஆள் படகு. பசிபிக் தீவான தஹீத்தியில் துடுப்பாளர்கள் பழகுவது இதில்தான். 2006 முதல் ஹவாயின் மொலோகாய் ஹோய் ஓசி6 பந்தயத்தின் 66 கிலோமீட்டரை அங்கிருந்து வந்த குழுக்கள் பலமுறை முதலில் கடந்ததற்கு இந்தப் பழக்கத்துக்கும் பங்குண்டு. வி1-இல் சுக்கான் கிடையாது. அமா எனப்படும் பக்கமிதவை இடப்புறம். (கட்டுமரத்தோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு, அதில் மிதவையே இல்லை.) வலப்புறம் துடுப்பு போட்டால் முனை இடப்பக்கம் திரும்பும், அமாவின் இழுவை அதை இன்னும் கூட்டும். துடுப்பை இடுப்பைத் தாண்டி இழுத்தால் திருப்பம் மோசமாகும், பின்பகுதியும் அமுங்கும். ஓசி6-இல் பலரிடம் இருக்கிற, யாருக்கும் தெரியாத தப்பு இது. தொடைக்கு நேராக வந்ததுமே துடுப்பை வெளியே எடுங்கள். அப்படியும் முனை இடப்பக்கம் போனால், வலப்புறம் பின்னால் துடுப்பைப் படகோடு ஒட்டிச் செங்குத்தாக ஒரு கணம் பிடித்தால் போதும். திருத்தாமல் எத்தனை துடுப்பு போட முடிகிறது என்று எண்ணுங்கள். அந்த எண் ஏறினால் முன்னேற்றம். உடம்பை இடப்பக்கம் அதிகம் சாய்த்தால் அமா தண்ணீரைக் கிழித்து வேகத்தைத் தின்னும், வலப்பக்கம் சாய்த்தால் கவிழும்.

ஓசி1-உம் பக்கமிதவை உள்ள ஒற்றை ஆள் படகுதான், ஆனால் சுகமான படகு. காலால் இயக்கும் சுக்கான் இருக்கிறது, பத்து கிலோ அளவில் எடை, ஒரே ஆள் தூக்கிப்போகலாம். அலைமேல் பழக அருமை. ஆனால் வி1 காட்டிக்கொடுக்கும் தப்பையெல்லாம் அந்தச் சுக்கான் மூடிமறைத்துவிடும்.

சர்ஃப்ஸ்கி, அதாவது மிதவை இல்லாத நீண்ட ஒடுக்கமான கடல் கயாக், அலை படிக்கக் கற்றுக்கொடுக்கும்: பின்பகுதி தூக்கும் கணத்தில் மூன்று நான்கு துடுப்பு வலுவாகப் போட்டுவிட்டு, சறுக்கும்போது ஓய்வு. ஓசி6 கனமானது என்பதால் அதே அலைக்கு இன்னும் முன்கூட்டியே அழுத்த வேண்டும். கால் உதைப்பதும் இங்கேதான் பழகும். ஆனால் ஒரு வில்லங்கம் உண்டு. சர்ஃப்ஸ்கியின் விங் துடுப்பு (இரு முனையிலும் வளைந்த அலகு உள்ளது) படகைவிட்டு வெளிப்பக்கமாக விலகிப் போகும். அதே பாதையில் ஒற்றைத் துடுப்பைப் போட்டால் தண்ணீர் நழுவும், முனையும் திரும்பும். ஓசி6 துடுப்பு படகுக்கு இணையாகவே வர வேண்டும். முதல் படகு 50 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலத்தில் இருக்கட்டும். 43 சென்டிமீட்டர் பந்தயப் படகில் ஏறினால் பயிற்சி நேரமெல்லாம் நீச்சலில்தான் போகும். காற்றில் படகு கையைவிட்டுப் போய்விடும், காலில் கயிறு கட்டாமல் கடலில் இறங்காதீர்கள்.

எஸ்யுபி என்பது பலகைமேல் நின்றபடி ஒற்றைத் துடுப்பு. இடுப்பை மடித்து முன்னால் எட்டும் பழக்கம் வரும், பாதமும் உறுதியாகும். கோவளம் பக்கம் வாடகைக்குக் கிடைக்கும் காற்றடித்த அகலப் பலகை சமநிலைக்குச் சரி, துடுப்புக்கு வீண்: சறுக்காது. 12 அடி 6 அங்குலம் அல்லது 14 அடி பந்தயப் பலகை வேண்டும். துடுப்பின் உயரம் உங்கள் உயரத்தைவிட 20 சென்டிமீட்டர் கூட. கைகளால் மட்டும் இழுத்தால் தோள்பட்டை வலிக்கும்.

வாரம் ஐந்து நாள் என்றால் இரண்டு ஓசி6, இரண்டு வி1, ஒன்று சர்ஃப்ஸ்கி. பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு சர்ஃப்ஸ்கியை நிறுத்திவிடலாம்.

பழைய வி1 வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது, அமாவையும் படகையும் இணைக்கும் இயாக்கோ என்ற குறுக்குக் கம்புகளின் கட்டுகளை. ரப்பர் பட்டை தளர்ந்திருந்தால் படகு ஓட ஓட அமாவின் கோணம் மாறும், படகு ஒரு பக்கமாகவே இழுக்கும். புதியவர் தன் துடுப்பில்தான் கோளாறு என்று மாதக்கணக்கில் திருத்திக்கொண்டிருப்பார்.