புது ஃபிகர் ஸ்கேட்டைக் குழந்தையின் காலுக்குப் பழக்குவது: எந்த வழி எவ்வளவு உதவும்?

வாடகை ஸ்கேட்டில் ஜோராகச் சுற்றிவந்த குழந்தை, சொந்த ஸ்கேட் வந்த அன்றைக்குத் தடுப்புக் கம்பியை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும். "அம்மா, வலிக்குது, பழசே குடு" என்று அழும். குருகிராம் ஆம்பியன்ஸ் மாலில் உள்ள ஐஸ்கேட் என்ற ஐஸ் சறுக்கு ரிங்க்குக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் டெல்லித் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஃபிகர் ஸ்கேட்டைக் காலில் போட்டுப் பார்த்து வாங்க இங்கே வசதி குறைவு. அளவு அனுப்பி, பல ஆயிரம் செலவழித்து, வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரவழைத்த பெட்டியாக இருக்கும். அதனால் ஆளுக்கொரு யோசனை வந்து குவியும்: ஈர சாக்ஸோடு போடச் சொல், சூடு காட்டு, வீட்டிலேயே ரெண்டு மணி நேரம் நடக்க விடு, வலியைப் பொறுத்துக்கிட்டு ஐஸ்லயே பழகட்டும்.

இவற்றை ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். ஸ்கேட் என்பது பூட் என்ற காலணியும் அதன் அடியில் உள்ள பிளேடும் சேர்ந்தது. புது பூட்டில் மாற வேண்டியவை இரண்டுதான். ஒன்று, கணுக்காலின் முன்பக்கம், முழங்காலை மடக்கும்போது பூட் வளையும் இடத்தில் மடிப்பு விழ வேண்டும். இரண்டு, உள்ளே இருக்கும் பஞ்சு மெத்தை குதிகாலையும் கணுக்கால் எலும்புகளையும் சுற்றிப் படிய வேண்டும். மடிப்பு தப்பான இடத்தில் விழுந்துவிட்டால் பூட்டின் ஆயுள் முழுக்க அங்கேதான் வளையும், அங்கேதான் பலவீனமாகும். ஒரு வழி இந்த இரண்டில் எதைச் செய்கிறது, எதைக் கெடுக்கிறது என்று பார்த்தால் போதும்.

அளவு தப்பென்றால் எந்த வழியும் உதவாது

பழக்குவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். ஐஸில் ஒருமுறை போட்ட ஸ்கேட்டைப் பல விற்பனையாளர்கள் திருப்பி எடுப்பதில்லை.

"வளர்ற கால்தானே, ரெண்டு சைஸ் பெரிசா வாங்கு" என்பது பள்ளிக்கூட ஷூவுக்குப் பொருந்தும். ஸ்கேட்டில் அதுவே எல்லா வலிக்கும் ஆரம்பம். பூட் பெரிசானால் குதிகால் உள்ளே ஏறி இறங்கும், தோல் உரசிக் கொப்புளம் வரும். கால் நிலைக்காததால் குழந்தை விரல்களை மடக்கி அடித்தட்டைப் பிடித்துக்கொள்ளும், உள்ளங்கால் இழுத்துப் பிடிக்கும். அதைப் பார்த்து நாம் லேஸை இன்னும் இறுக்குவோம், கால் மரத்துப்போகும். வளர்ச்சிக்கென்று விடலாம் என்றால் அதிகபட்சம் அரை சைஸ்.

பூட்டின் உள் அட்டையை வெளியே எடுத்துத் தரையில் வையுங்கள். மெல்லிய சாக்ஸோடு குழந்தை அதன்மேல் நிற்கட்டும். குதிகாலை விளிம்போடு ஒட்டி வைத்தால் நீளமான விரலுக்கு முன்னால் 3 முதல் 6 மில்லிமீட்டர் இடம் இருக்கலாம். ஒரு விரல் அகலம் மிச்சம் இருந்தால் அது பெரிசு. அடுத்து, லேஸ் கட்டி நேராக நிற்கும்போது கட்டைவிரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் அது பின்வாங்க வேண்டும். மடக்கியும் விரல் முட்டிக்கொண்டே இருந்தால் சின்னது.

விறைப்பும் பார்க்க வேண்டியதே. இரட்டைச் சுழற்சித் தாவல்களுக்காகச் செய்த பூட் 20 கிலோ குழந்தையின் எடைக்கு வளைந்தே கொடுக்காது. லேஸ் கட்டி முழங்காலை மடக்கச் சொல்லுங்கள். லேஸுக்கு அடியில் உள்ள நாக்குப் பகுதி கணைக்காலின் முன்பக்கத்தை அழுத்தி, பூட் கொஞ்சமாவது வளைய வேண்டும். பூட் அசையாமல் குதிகால் மேலே எழும்பினால் அந்த மாடல் குழந்தைக்கு மிஞ்சியது. "நல்லதா வாங்கினா ரொம்ப நாள் வரும்" என்று உயர்ந்த மாடலுக்குப் போவதில் உள்ள சிக்கல் இதுதான்.

வீட்டில் போட்டுப் பழகுவது

எங்கள் கணிப்பில் முதல் நான்கைந்து நாளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் செய்யும் முறை தப்பு. ஸ்கேட்டைப் போட்டுக் குழந்தையை டிவி முன்னால் ஒரு மணி நேரம் உட்காரவைத்தால் உடற்சூட்டில் பஞ்சு கொஞ்சம் படியும். மடிப்பு விழாது, கால் வியர்த்து ஊறிப்போவதுதான் மிச்சம். ஹாலில் நடக்கவிட்டால் அதைவிட ஆபத்து. பிளாஸ்டிக் பிளேடு உறையோடு மார்பிள் தரையில் காலை வைத்தால் சறுக்கிவிடும்.

பிளேடுக்குக் கெட்டி உறையை மாட்டி, ஜமக்காளமோ யோகா பாயோ விரித்து, கனமான சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். முதுகு நிமிர்ந்து, இரண்டு முழங்கால்களும் விரல்நுனிக்கு மேலே வரும்வரை மெதுவாக மடக்கி எழ வேண்டும். பத்துப் பத்தாக மூன்று முறை, நடுவில் ஓய்வு. எல்லாம் சேர்த்து 15 முதல் 20 நிமிடம். ஐஸில் எந்த இடத்தில் பூட் வளைய வேண்டுமோ அதே இடத்தில் மடிப்பு விழுவது இப்படித்தான்.

லேஸ் கட்டுவதில் பாதி வெற்றி இருக்கிறது. லேஸை அடிவரை தளர்த்தி, நாக்கை முன்னால் இழுத்து, காலை உள்ளே விட்டதும் குதிகாலால் தரையில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். குதிகால் பின்குழியில் போய் உட்காரும். நாக்கு பக்கவாட்டில் சரியாமல் நடுவில் நிற்கட்டும். விரல்களுக்கு மேலே உள்ள துளைகளில் மிதமாக, விரல் அசையும்படி விடுங்கள். பாதம் கணைக்காலோடு சேரும் வளைவில்தான் நன்றாக இறுக்க வேண்டும், குதிகாலைப் பிடித்து நிறுத்துவது அந்த இடமே. மேல் கொக்கிகளில் பிடி மறுபடி இளகலாம். ஒரு விரல் நுழைந்தால் சரி. பூட் ரொம்ப விறைப்பென்றால் வீட்டுப் பயிற்சியில் மட்டும் கடைசிக் கொக்கியை விட்டுவிடலாம். ஐஸில் எல்லாக் கொக்கியும் மாட்ட வேண்டும்.

ஈர சாக்ஸ்

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சாக்ஸோடு பூட்டைப் போட்டு நிற்பது பழைய வைத்தியம். முழுத் தோலில் பூட் தைத்த காலத்துக்கு அது சரி. தோல் ஈரத்தில் இளகி, காயும்போது காலின் வடிவத்தைப் பிடிக்கும். இன்றைய ஆரம்பநிலை பூட்டுகள் பெரும்பாலும் செயற்கைத் தோலும் நுரைப் பஞ்சும் பிளாஸ்டிக் அடியும் கொண்டவை. ஈரம் அவற்றை இளக்குவதில்லை. உள்ளே தங்கும் ஈரம் பசையைத் தளர்த்தும், நாற்றம் பிடிக்கவைக்கும், பிளேடு திருகுகளில் துரு ஏற்றும். ஜூலை, ஆகஸ்டில் டெல்லிப் புழுக்கத்தில் அந்த பூட் காய்வதற்குள் அடுத்த வகுப்பே வந்துவிடும். குழந்தையின் முதல் ஸ்கேட்டுக்கு இது தேவையில்லை.

சூடேற்றி வார்ப்பது

ஐந்து வழிகளில் வேகமானது இது, தப்பினால் அதிகம் கெடுப்பதும் இதுவே. வெப்ப வார்ப்புக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே சொன்ன பூட்டுக்கு மட்டும் பொருந்தும். ஜாக்சன் நிறுவனத்தின் ஃப்ரீஸ்டைல் அப்படிப்பட்ட மாடல். விலை குறைந்த ஆரம்பநிலை பூட்டுகள் பலவும் அப்படியல்ல. அதற்கென்று உள்ள அடுப்பில் சுமார் 80 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சில நிமிடம் வைப்பார்கள். சரியான கணக்கு மாடலுக்கு மாடல் மாறும். வெளியே எடுத்ததும் காலை விட்டு, லேஸ் கட்டி, பூட் ஆறும்வரை 10 முதல் 15 நிமிடம் ஆடாமல் உட்கார வேண்டும். லேஸை மேலே தூக்கி இழுக்கக் கூடாது, இளகிய துளைகள் பிய்ந்துவிடும். அதன்பின் ஒரு நாள் முழுக்க ஐஸில் போடக் கூடாது.

வீட்டு ஓடிஜி அடுப்பில் இதை முயல வேண்டாம். அதன் சூடு முள் காட்டுவதிலிருந்து நிறையத் தள்ளி நிற்கும், கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் பாகம் கருகும். ஹேர் டிரையர் மேற்பூச்சைச் சுடவைக்கும், உள்ளே இருக்கும் பஞ்சுக்குச் சூடு சீராகப் போகாது. இன்னொன்று, வெப்ப வார்ப்பு உள்மெத்தையைப் படியவைக்குமே தவிர, மடிப்பை முழுக்க உண்டாக்கிவிடாது. அதற்கு முழங்காலை மடக்கித்தான் ஆக வேண்டும்.

குறிப்பிட்ட ஒரே இடத்தில் மட்டும் எலும்பு இடித்தால் முழு பூட்டையும் சூடேற்றுவதை விட, அந்த இடத்தை மட்டும் உள்ளிருந்து புடைக்கவைப்பது மேல். இடிக்கும் இடம் எது என்று கண்டுபிடிக்க, சாக்ஸின்மேல் கணுக்கால் எலும்பு துருத்தும் இடத்தில் கொஞ்சம் லிப்ஸ்டிக் தடவி பூட்டைப் போட்டு நிற்கச் சொல்லுங்கள். உள்ளே கறை படிந்த இடத்தைக் கடைக்காரரிடமோ பயிற்சியாளரிடமோ காட்டலாம். அதுவரைக்கும் எலும்பைச் சுற்றி வளையம்போல் வெட்டிய ஃபோம் பட்டையோ ஜெல் உறையோ போதும். பட்டையை எலும்பின்மேல் நேராக வைத்தால் அழுத்தம் கூடும். சுற்றிலும்தான் வைக்க வேண்டும்.

நேராக ஐஸில்

ஆர்.கே.புரத்திலிருந்தோ மயூர் விஹாரிலிருந்தோ நெரிசலில் குருகிராம் போய்ச் சேர்ந்தபின், "இவ்வளவு தூரம் வந்தாச்சு, முழு நேரமும் போட்டுக்கட்டும்" என்று தோன்றுவது இயல்பு. கொப்புளங்கள் வருவது இந்த இடத்தில்தான். ஒரு கொப்புளம் வந்தால் ஆறும்வரை பயிற்சி நின்றுபோகும், குழந்தைக்குப் புது ஸ்கேட்டின்மேல் வெறுப்பும் சேரும்.

இருந்தாலும் ஐஸுக்கு மாற்று கிடையாது. புது பூட்டின் குதி உயரமும் பிளேடின் வளைவும் வாடகை ஸ்கேட்டிலிருந்து வேறு. எடை எங்கே விழ வேண்டும் என்று குழந்தையின் கால் புதிதாகக் கற்க வேண்டும். பிளேடின் நுனியில் உள்ள முன்பக்கப் பற்களில் தடுக்கி விழுவது அந்தக் குழப்பத்தால்தான். அதனால் முதல் மூன்று வகுப்புகளில் 20 நிமிடம் போதும். பத்து நிமிடம் ஆனதும் வெளியே வந்து லேஸை மறுபடி கட்டுங்கள். புது பூட் படியப் படிய லேஸ் தொளதொளக்கும். இரண்டு கால் சறுக்கல், முழங்கால் மடக்கி எழுவது, கால்களை விரித்துச் சேர்க்கும் சுவிசில், குதிகால்களை வெளியே தள்ளி நிற்கும் ஸ்னோபிளோ நிறுத்தம் ஆகியவை இந்த நாள்களுக்கு உரியவை. தாவலும் சுழலும் வேண்டாம். கழற்றியபின் காலைப் பாருங்கள். சிவந்த தடம் 20 நிமிடத்தில் மறைந்தால் கவலையில்லை. மறையாமல் நின்றால் அந்த இடத்தில் பட்டை தேவை. விரல்கள் மரத்திருந்தால் முன்பக்க லேஸ் இறுக்கம்.

சாக்ஸ் மெல்லிய நைலானாக இருக்கட்டும். பள்ளிக்கூடக் காட்டன் சாக்ஸ் வியர்வையை உறிஞ்சிச் சுருங்கும். ஐஸில் குளிருமே என்று பாட்டி அனுப்பிய கம்பளி சாக்ஸ் பூட்டை நெருக்கி, ரத்த ஓட்டத்தைக் குறைத்து, காலை இன்னும் குளிரவைக்கும்.

பழையதும் புதியதும் மாற்றி மாற்றி

வகுப்பின் முதல் 20 நிமிடம் புதியது, மீதி பழையது என்று பிரிப்பது, ஏற்கெனவே சொந்த ஸ்கேட் வைத்திருந்து பெரியதுக்கு மாறும் பிள்ளைகளுக்கு நல்ல ஏற்பாடு. பாடம் தடைபடாது, காலும் புண்ணாகாது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. இரண்டு விதமான சமநிலையைக் கால் மாற்றி மாற்றிக் கற்றால் எதிலும் நிலைக்காது. வாடகை ஸ்கேட்டிலிருந்து முதல் சொந்த ஸ்கேட்டுக்கு வருபவர்களுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. வாடகை பூட் தொளதொளவென்றிருப்பதால் அதுவே சுகம் என்று பட்டுவிடும். நேரம் மிஞ்சினால் மீதியை ரிங்க்குக்கு வெளியே ஸ்கேட் இல்லாத பயிற்சியில் கழிக்கலாம்.

"வழுக்குது" என்று குழந்தை சொன்னால் பூட்டைத் திட்டாதீர்கள்

அது பிளேடு விஷயம். புது பிளேடுகள் பல சரியான சாணை இல்லாமலே வரும், முதல் வகுப்புக்கு முன்பே சாணை பிடித்தாக வேண்டும். ஃபிகர் பிளேடின் அடியில் நீளவாக்கில் ஒரு குழி ஓடும். அதன் இருபுறமும் உள்விளிம்பு, வெளிவிளிம்பு. ஆரம்பநிலைக்கு அந்தக் குழி அரை அங்குல ஆரத்தில் இருப்பது வழக்கம். குழி ஆழம் கூடினால் பிளேடு ஐஸைக் கவ்விக்கொண்டு நகராது. தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் குழியே மறைந்து கத்தி முனையாகிவிடும், பிளேடு அதோடு போயிற்று. ரிங்க்கில் ஸ்கேட்டுக்கென்று உள்ள இயந்திரத்தில் மட்டும் கொடுங்கள். முன்பக்கப் பற்களைத் தேய்க்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

நல்ல சாணைக்குப் பிறகும் இரண்டு கணுக்கால்களும் உள்பக்கமாகச் சாய்ந்தால் முதலில் லேஸையும் அளவையும் பாருங்கள். ஒரு கால் மட்டும் விடாமல் ஒரே பக்கம் இழுத்தால் பிளேடு நடுவில் பொருத்தப்படவில்லையா என்று பயிற்சியாளரைப் பார்க்கச் சொல்லலாம்.

எதை எப்போது

ஆரம்பநிலை பூட்டுக்கு நான்கைந்து நாள் வீட்டு மடக்கல், பிறகு குறுகிய ஐஸ் நேரம், தேவைப்பட்ட இடத்தில் மட்டும் பட்டை. இதிலேயே ஐந்து முதல் பத்து மணி நேர ஐஸில் பூட் படிந்துவிடும். கொஞ்சம் விறைப்பான, தயாரிப்பாளர் அனுமதித்த மாடலுக்கு முதலில் வெப்ப வார்ப்பு, பின்னர் இதே வரிசை. பத்து மணி நேரம் கடந்தும் பூட் வளையவில்லை, குதிகால் எழும்புகிறது என்றால் பழக்கத்தால் தீராது. கொப்புளத்தோடு மல்லுக்கட்டாமல், பூட் புதிதாக இருக்கும்போதே வேறொரு குடும்பத்துக்கு விற்றுவிட்டு, சரியான அளவிலும் விறைப்பிலும் ஒன்று வாங்குங்கள்.

வகுப்பு முடிந்ததும் பிளேடைத் துடைத்து, கெட்டி உறையைக் கழற்றி, துணி உறையில் போட்டு, நாக்கைத் திறந்து காற்றாட வையுங்கள். மே, ஜூனில் ஸ்கேட் பையை வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் விட்டுவிடாதீர்கள். அந்தச் சூட்டில் பசை இளகும், பாடுபட்டுப் படியவைத்த வடிவமும் குலையும்.