அல்சாஸா, பர்கண்டியா: ஒரு சைக்கிள், ஒரே ஒரு நாள்

பாரிஸ் வந்த இடத்தில் ஒரு நாள் மிச்சமாகக் கிடைத்திருக்கிறது, சைக்கிள் நன்றாக ஓட்டுவேன், ஒயின் விளையும் பழைய கிராமங்களைப் பார்க்க வேண்டும், எங்கே போகலாம்? இப்படி யாராவது கேட்டால் நான் உடனே ஊர்ப் பெயரைச் சொல்வதில்லை. காலில் என்ன ஷூ போட்டுக்கொண்டு வரப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். கேட்டவர் முழிப்பார். ஆனால் பிரான்ஸின் கிழக்கே ஒயினுக்குப் பேர் போன அல்சாஸ், பர்கண்டி என்ற இரண்டு ஊர்ப்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி அந்த ஷூவில்தான் இருக்கிறது.

இரண்டுமே ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். அல்சாஸுக்கு கொல்மார் நகரில் இறங்க வேண்டும், பர்கண்டிக்கு திஜோனில் வண்டி மாறி போன் என்ற ஊரில். (கையில் வைத்திருக்கும் போன் இல்லை, அந்த ஊரின் பெயரே அதுதான், தமிழில் எழுதினால் இந்தச் சங்கடம்.)

முதலில் அல்சாஸ். அங்கே கார்களுக்கான ஒயின் சாலையை 1953-ல் திறந்தார்கள், வோஜ் மலையின் அடிவாரத்தையொட்டி வடக்குத் தெற்காக சுமார் 170 கி.மீ. ஓடுகிறது. அதற்கு இணையாக, பெரும்பாலும் தோட்டங்களுக்கு நடுவிலேயே, சைக்கிளுக்கென்று ஒரு பாதையும் இருக்கிறது. ஒரு நாளுக்கு அதில் ஒரு துண்டு போதும். கொல்மாரிலிருந்து எகிசைம், துர்க்கைம், கைசர்ஸ்பேர்க், ரிக்விர், உனாவிர், ரிபோவில்லே, அங்கிருந்து சமவெளி வழியாக மறுபடி கொல்மார். மொத்தம் 50 கி.மீ.-ஐக் கொஞ்சம் தாண்டும், பெரிய ஏற்றம் ஒன்றும் இல்லை. காகிதத்தில் பார்த்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிடும் தூரம்.

முடியாது. ஏனென்றால் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு ஊர் வருகிறது, ஒவ்வொன்றும் உங்களை இறக்கிவிடும். எகிசைமில் தெருக்கள் கோட்டையைச் சுற்றி வட்டத்துக்குள் வட்டமாக இருக்கும், நேராகப் போகிறோம் என்று நினைத்து நடந்தால் கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். 1002-ல் பிறந்த ஒன்பதாம் லியோ போப் தங்கள் ஊர்க்காரர் என்று அங்கே சொல்லிக்கொள்வார்கள். கைசர்ஸ்பேர்க்கில் 1875-ல் பிறந்தவர், ஆப்பிரிக்காவில் மருத்துவம் பார்த்து நோபல் பரிசு வாங்கிய ஆல்பர்ட் சுவைட்சர். உனாவிரில் தோட்டங்களுக்கு நடுவே கோட்டைச் சுவர் கட்டிய ஒரு தேவாலயம், சண்டை வந்தால் ஊரே உள்ளே போய்ப் பூட்டிக்கொள்வதற்காக. ரிபோவில்லேவுக்கு மேலே மூன்று பாழடைந்த கோட்டைகள். மரச்சட்டம் போட்டு மஞ்சளும் நீலமும் சிவப்புமாகப் பூசிய வீடுகள், ஜன்னல் தோறும் பூத்தொட்டி. அழகுதான், மறுக்கவில்லை, ஆனால் நான்காவது ஊரில் லேசாகத் திகட்டும்.

அந்தத் திகட்டலுக்கு மருந்தும் அதே பாதையில் இருக்கிறது, பெரும்பாலானவர்கள் நிற்காமல் போய்விடுகிறார்கள். கைசர்ஸ்பேர்க்குக்கு முன்னால் அமெர்ஷ்விர், அதைத் தாண்டினால் சிகோல்சைம், பென்விர். இந்த மூன்றிலும் வீடுகள் சாதாரணமாக, அந்தப் பழமை இல்லாமல் இருக்கும். 1944 டிசம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டின் ஆரம்பம் வரை நடந்த இரண்டாம் உலகப்போரின் கொல்மார் சண்டையில் இவை தரைமட்டமாயின. பக்கத்து ரிக்விர் தப்பித்துக்கொண்டது. காரில் வந்தால் நடுவில் ஏதோ புது ஊர் என்று தாண்டிவிடுவீர்கள், சைக்கிளில் பத்து நிமிட இடைவெளியில் தப்பித்த ஊரும் தப்பாத ஊரும் மாறி மாறி வரும்போதுதான் உறைக்கும். சிகோல்சைமுக்கு மேலே குன்றில் ராணுவக் கல்லறை இருக்கிறது, 1,500-க்கும் அதிகமானவர்கள், அதில் நிறையப் பேர் வட ஆப்பிரிக்காவிலிருந்து பிரெஞ்சுப் படையில் சேர்ந்து வந்தவர்கள். ஏற்றம் சின்னதுதான், மூச்சு வாங்கும். மேலே போனால் சமவெளி மொத்தமும் தெரியும். அந்த நாள் முழுவதிலும் நல்ல காட்சி கிடைக்கும் இடம் அதுதான், பஸ் கூட்டம் அங்கே வருவதில்லை.

இனி ஷூ. ரோடு சைக்கிள்காரர்கள் போடும், பெடலில் மாட்டிக்கொள்ள அடியில் கொக்கி வைத்த ஷூவோடு ரிக்விர் பிரதான தெருவில் நான் ஒருமுறை இறங்கினேன். கல் பாவிய தெரு, அதுவும் மேட்டில், காலையில் கழுவிவிட்ட ஈரம். ஒரு கையில் சைக்கிள், ஒரு கையில் ஐஸ்கிரீம், எதிரே குடை பிடித்த வழிகாட்டியும் பின்னால் நாற்பது பேரும். விழவில்லை, ஆனால் விழுந்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றும் அளவுக்குத் தள்ளாடினேன். அல்சாஸுக்குச் சாதாரண ஷூவும் கொஞ்சம் அகலமான டயரும்தான் சரி.

பர்கண்டியில் இதற்கு நேர்மாறு. போனிலிருந்து சான்த்னே வரை தோட்டங்களுக்குள்ளேயே போகும் சைக்கிள் பாதை சுமார் 22 கி.மீ. பொமார், வொல்நே, மெர்சோ, புலினி-மோன்ராஷே, ஷசான்யு-மோன்ராஷே என்று ஒயின் பட்டியலை வரிசையாக வாசிப்பது போல ஊர்கள். ஆனால் ஊருக்குள் போனால் என்ன இருக்கிறது? சாம்பல் நிறக் கல் வீடுகள், மூடிய பெரிய கதவுகள், ஒரு தேவாலயம், ஒரு ஊமை நாற்சந்தி, பூனை. முதல் தடவை போனபோது இவ்வளவுதானா என்றுதான் நினைத்தேன். இங்கே பார்க்க வேண்டியது ஊரை அல்ல, ஊருக்கு வெளியே இருக்கும் மண்ணை என்று புரிய இரண்டாவது பயணம் தேவைப்பட்டது.

கிழக்கே பார்த்த ஒரே நீளச் சரிவு. அடியில், சமவெளியை ஒட்டி இருப்பது சாதாரண ஒயின். கொஞ்சம் மேலே ஊர்ப் பெயர் போட்ட ஒயின். இன்னும் மேலே முதல் தரம், பல இடங்களில் அதற்கு நடுவே உச்ச தரம். அதற்கும் மேலே மண் மெலிந்து பாறையும் காடும். அதாவது உங்கள் தொடை எரியத் தொடங்கும் உயரத்தில்தான் புட்டியின் விலையும் ஏறத் தொடங்குகிறது. சரிவின் நடுவில் வடிகாலும் வெயிலும் சுண்ணாம்பு மண்ணும் சரியாக அமைகின்றன என்பதுதான் காரணம். துறவிகள் நூற்றாண்டுக் கணக்கில் துண்டு துண்டாகப் பயிர் செய்து பிரித்த நிலம், இன்று 1,247 துண்டுகளுக்குத் தனித்தனிப் பெயர், 2015-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. புலினிக்குப் பக்கத்தில் மோன்ராஷே தோட்டம் மொத்தமே 8 ஹெக்டேர் அளவுதான். அதற்கும், அதன் கீழே இருக்கும் பத்தார்-மோன்ராஷே தோட்டத்துக்கும் நடுவில் ஒரு ஒடுங்கிய சாலை. சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் வேறு விலை, நடுவில் நீங்கள் மிதித்துக்கொண்டு போகிறீர்கள். எனக்கு எந்த மரச்சட்ட வீட்டையும் விட இதுதான் வியப்பாக இருக்கிறது. அந்தத் தோட்டத்தின் பேர் பெரிது என்பதால் புலினியும் ஷசான்யும் 1879-ல் அதைத் தங்கள் ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டன. வடக்கே ஜெவ்ரே என்ற ஊர் 1847-லேயே தன் ஷாம்பெர்தான் தோட்டத்தின் பெயரை ஒட்டிக்கொண்டு வழி காட்டியிருந்தது.

ஓட்டுவதற்கும் பர்கண்டிதான். 22 கி.மீ. போய்த் திரும்புவது போதாது என்பவர்கள் மெர்சோவிலிருந்து மேற்கே திரும்பி சான்-ரோமேன் ஏறி, பாறைச் சுவரடியில் இருக்கும் ஓர்ஷ் வழியாக லா ரோஷ்போ கோட்டையைப் பார்த்துவிட்டு, ஷசான்யுக்கு இறங்கி, சான்த்னே போய்த் திரும்பலாம். 60 கி.மீ.-க்குப் பக்கம் வரும், நிஜமான ஏற்றம் இருக்கும், கார் குறைவு. பந்தயப் பைத்தியம் உள்ளவர்கள் வடக்கே நுய்-சான்-ஜோர்ஜ் பக்கம் போகலாம். 2024 டூர் தெ பிரான்ஸின் 7-வது நாள் தனிநபர் நேரப் பந்தயம் அங்கிருந்து ஜெவ்ரே-ஷாம்பெர்தான் வரை 25.3 கி.மீ., ரெம்கோ எவனபூல் ஜெயித்தார். அவர் வேகத்தில் போனால் தோட்டம் எதுவும் கண்ணில் படாது என்பது வேறு விஷயம்.

ஒரு எச்சரிக்கை. தோட்டப் பாதைகள் டிராக்டருக்காகப் போட்டவை. வரிசைகளுக்கு மேலே கால் அகட்டி நிற்கும் உயரமான டிராக்டர் எதிரே வந்தால் ஒதுங்க வேண்டியது நீங்கள்தான். செப்டம்பர் அறுவடையில் வழியெல்லாம் சிந்திய திராட்சை, மழை பெய்தால் சோப்பு போல வழுக்கும். சில இடங்களில் ஜல்லி.

குடிப்பது பற்றி. அல்சாஸில் ஒயின் ருசி பார்க்கலாம் என்று வாசலில் பலகை தொங்கும், உள்ளே போனால் ரீஸ்லிங், கெவுர்ஸ்திராமினர், பினோ க்ரி என்று வரிசையாக ஊற்றிக் காட்டுவார்கள், பலகை தொங்கும் இடத்தில் முன்பதிவு பெரும்பாலும் வேண்டாம். பர்கண்டியில் நல்ல தயாரிப்பாளர்களிடம் புட்டிகளே மிச்சம் இருக்காது, சொல்லிவைக்காமல் போய்க் கதவைத் தட்டினால் திறக்க மாட்டார்கள், மதியம் 12 முதல் 2 வரை பல ஊர்களில் கடையே இல்லை. என்னை ஒரு இடத்தில் முன்பதிவு இருந்தும் அரை மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தார்கள், கடைசியில் ஊற்றியது இரண்டு வாய். இந்த ஒரு விஷயத்தில் அல்சாஸுக்குக் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போடலாம். எங்கே குடித்தாலும் துப்பப் பழகிக்கொள்ளுங்கள், அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை. லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் என்ற பிரெஞ்சு வரம்பு சைக்கிள் ஓட்டுபவருக்கும் உண்டு.

சாப்பாடு சுருக்கமாக. அல்சாஸில் மெல்லிய ரொட்டி மேல் க்ரீமும் வெங்காயமும் போட்டுச் சுடும் தார்த் ஃப்லாம்பே கிடைக்கும், பன்றி இறைச்சி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பர்கண்டியில் கூஜேர் என்று சீஸ் போட்ட பஞ்சு போன்ற பலகாரம், நாலு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் சான்த்னே வரை தாங்கும். வெயிலுக்கு அல்சாஸ் மேல், வோஜ் மலை மேற்கிலிருந்து வரும் மழையைத் தடுத்துவிடுவதால் கொல்மார் பிரான்ஸிலேயே மழை குறைந்த நகரங்களில் ஒன்று.

போன் நகருக்கென்று இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். 1443-ல் நிக்கோலா ரோலானும் மனைவியும் ஏழைகளுக்குக் கட்டிய மருத்துவமனை, வண்ண ஓட்டுக் கூரையோடு அப்படியே நிற்கிறது. அதன் தோட்டங்களில் விளையும் ஒயினை 1859 முதல் ஏலம் விட்டு வருகிறார்கள், இப்போது நவம்பர் மூன்றாம் ஞாயிறில்.

குழந்தைகளோடு வருபவர்களுக்கு இரண்டுமே வேண்டாம், ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரைக்குப் போகட்டும். பேர்ன்காஸ்டலிலிருந்து ட்ராபன்-ட்ரார்பாக் வரை ஆற்றோடு 20 கி.மீ.-க்கு மேல், மேடே கிடையாது. பாதையோரச் சரிவுகளைப் பார்த்துப் பயந்துகொண்டே தட்டையாக ஓட்டலாம்.

நான் எதற்குப் போவேன்? கொக்கி ஷூ போட்ட நண்பர்களோடு என்றால் பர்கண்டி, யோசனையே இல்லை. மனைவியோடு என்றால் அல்சாஸ், ஆனால் முந்தின இரவே கொல்மாரில் தங்கி, காலை ஆறரைக்குக் கிளம்பி, பஸ்கள் வருவதற்குள் ரிக்விரைத் தாண்டிவிட வேண்டும். மாலையில் ஒரு புட்டி வாங்கித் திரும்பும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். பர்கண்டிப் புட்டிக்கு வயிறு பெரிது, சைக்கிளில் தண்ணீர்ப் புட்டி செருகும் இடத்தில் நுழையாது, சட்டையின் முதுகுப் பையில் போட்டால் ஒரு பக்கம் இழுக்கும். அல்சாஸ் புட்டி ஒல்லியாக உயரமாக இருக்கும், முதுகுப் பையில் பாதி வெளியே நீட்டிக்கொண்டாவது ரயில் நிலையம் வரை வந்து சேரும்.