பவுடர் கோட்டிங்னு காசு வாங்கிட்டு ஸ்ப்ரே அடிச்சுக் குடுக்குறாங்க, வீல் கலர் மாத்துறவங்க உஷார்

அலாய் வீல் கலர் மாத்தணும்னு நினைச்சுட்டு இருக்கீங்கன்னா இதைப் படிச்சுட்டு அப்புறம் வண்டியை விடுங்க. ஒரு கடையில என் வண்டியோட சில்வர் வீலை கன்மெட்டல் கிரே ஆக்கித் தர்றோம், பவுடர் கோட்டிங் (பவுடரை ஒட்ட வச்சு ஓவன்ல உருக்குற பெயிண்ட்), வருஷக்கணக்கா நிக்கும்னு சொல்லி அதுக்கான ரேட்டை முழுசா வாங்கிட்டு, பழைய பெயிண்ட் மேலயே சாதா கேன் ஸ்ப்ரேவை அடிச்சு வண்டியைக் குடுத்துட்டாங்க. பில்லுல பவுடர்ங்கற வார்த்தையே இல்ல, "வீல் கோட்டிங்"னு மட்டும் எழுதியிருக்காங்க.

வண்டியை எடுக்கும்போது பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்ச நாள் கழிச்சு வாட்டர் வாஷ் விட்டப்போ ஸ்போக் ஓரத்துல ஒரு துண்டு உரிஞ்சு நின்னுச்சு, நகத்தை வச்சு இழுத்தா பாலித்தீன் கவர் மாதிரி நீளமா வருது, அடியில கம்பெனி சில்வர் பெயிண்ட் அப்படியே பளபளன்னு இருக்கு. ஒரு சொரசொரப்பு இல்ல, பேப்பர் வச்சு தேய்ச்ச கோடு இல்ல, ப்ரைமரும் இல்ல. பெயிண்ட் புடிச்சு நிக்கிறதுக்கு அங்க ஒண்ணுமே பண்ணலங்க.

அதைவிடப் பெரிய கோபம் அடுத்த விஷயத்துலதான். ஸ்டீயரிங்ல லேசா நடுக்கம் தெரிஞ்சுது, பேலன்சிங் போயிருக்கும்னு டயர் கடைக்குப் போனேன். அங்க இருந்த அண்ணன் ஸ்பேனரை வச்சதும் நட்டு ரொம்ப ஈசியா சுத்துது, கழட்டிப் பார்த்துட்டு "சார், நட்டு உக்கார்ற இடத்துல யாரு சார் பெயிண்ட் அடிச்சா, இங்க அடிக்கவே கூடாது"ன்னார். அந்தக் குழியில பெயிண்ட் கட்டி கட்டியா நசுங்கிப் போயிருக்கு. நட்டு உலோகத்து மேல நேரா உக்காரணும், நடுவுல மெத்துன்னு பெயிண்ட் இருந்தா ஓட ஓட அது நசுங்கி வெளிய வந்துடும், இறுக்கம் போயிடும். நாலு பேரு உக்காந்து ஹைவேல போற வண்டி, வீல் கழண்டா என்ன ஆகும்? உண்மையான பவுடர் கோட்டிங்லயும் இதே ஆபத்து இருக்கு, ஏன்னா அந்த லேயர் இன்னும் தடிமன். நட்டுக் குழியையும், ஹப்ல (வண்டியில வீலை மாட்டுற பாகம்) ஒட்டுற பின்பக்க முகத்தையும் மூடி வச்சுட்டுத்தான் அடிக்கணும், இதைக் கண்டிப்பா கேளுங்க.

டயர் கடையிலயே வீலைத் திருப்பிப் பார்த்தா உள்பக்கம் பூரா பழைய சில்வர், பேலன்சிங் வெயிட்டைப் பேத்தா அதுக்கு அடியிலயும் சில்வர், டயர் ரப்பர் ஓரத்துல கிரே கோடு, வால்வு மேலயும் பெயிண்ட். டயரைக் கழட்டவே இல்லைங்கறதுக்கு இதுக்கு மேல சாட்சி வேணாம். பவுடர் கோட்டிங்னா பழைய பெயிண்டை மொத்தமா எடுத்து, மணல் மாதிரி துகளை அடிச்சு சுத்தம் பண்ணி, கரண்ட் சார்ஜ் குடுத்த பவுடரை ஒட்ட வச்சு, ஓவன்ல 180-லேருந்து 200 டிகிரி வரைக்கும் சூடு பண்ணி உருக்கணும். அந்த சூட்டுல டயரோ வால்வோ பிரஷர் சென்சாரோ தாங்காது. அதனால டயர் கழட்டாம பவுடர் கோட்டிங் பண்றோம்னு யார் சொன்னாலும் அது பொய்தான். அதே மாதிரி அளவுக்கு மீறி சூடு பண்ணாலும் வம்பு, அலாய் வீலை ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணித்தான் பலம் ஏத்தியிருப்பாங்க, ஓவன்ல டெம்பரேச்சர் கன்ட்ரோல் இல்லாத இடத்துல விட்டா அந்த பலம் குறையும்.

ஸ்ப்ரேவே மோசம்னு சொல்லல. நல்லா தேய்ச்சு ப்ரைமர் போட்டு, ஹார்டனர் (பெயிண்டை கெட்டியாக்குற கெமிக்கல்) கலந்த பெயிண்ட், மேல கலரில்லாத கிளியர் கோட்னு ஒழுங்கா பண்ணா அதுவும் நல்லா நிக்கும், ஆனா அதை ஸ்ப்ரேன்னு சொல்லி அதுக்கான காசை வாங்கணும். கலர் புடிக்குமான்னு சும்மா பார்க்க உரிச்சு எடுக்கற ரப்பர் டிப் (ரப்பர் மாதிரி காயுற பெயிண்ட்) இருக்கு, பெட்ரோல் பட்டா மட்டும் கரையும். கலருக்காக மேல சுத்தி ஒட்டுற ரேப் (wrap) ஸ்டிக்கரை வீலுக்கு நான் சொல்லவே மாட்டேன், வளைவுலயும் பிரேக் சூட்டுலயும் ஓரம் தூக்கிடும். டைமண்ட் கட் வீல் (முகத்தை லேத்ல கடைஞ்சு மினுக்கின வீல்) வச்சிருக்கவங்க ரெண்டு தடவை யோசிங்க, அந்த மினுக்கம் மறுபடி வேணும்னா லேத்ல கடையணும், ஒவ்வொரு தடவையும் உலோகம் குறையும்.

கடையில போய்க் கேட்டா "பிரஷர் வாஷ் பண்ணா அப்படித்தான் சார்"னு ஆரம்பிச்சாங்க. ஒழுங்கா பவுடர் பண்ண வீலுக்கு வாட்டர் வாஷ்லாம் ஒரு விஷயமா? உள்பக்க போட்டோவைக் காட்டினதும் "ஃபினிஷ் ஒண்ணுதானே சார், வேணும்னா மேல இன்னொரு கோட்டிங் அடிச்சுத் தர்றோம்"னு சொல்றாங்க. உரியற பெயிண்ட் மேல இன்னொரு பெயிண்டாம்!

நீங்க குடுக்கறதா இருந்தா பில்லுல "பவுடர் கோட்டிங், டயர் கழட்டி"ன்னு எழுதி வாங்குங்க, பெயிண்ட் எடுத்த வெறும் வீலை போட்டோ அனுப்பச் சொல்லுங்க, வாங்கும்போது மறைவான இடத்துல தின்னர் நனைச்ச துணியால தேய்ச்சுப் பாருங்க, கேன் பெயிண்ட்னா கலர் துணியில வந்துடும். பிட்டிங் முடிஞ்சு 50-100 கி.மீ. ஓடினதும் டார்க் ரென்ச் (torque wrench, சரியான அளவு இறுக்கம் வைக்கிற ஸ்பேனர்) வச்சு நட்டை மறுபடி செக் பண்ணச் சொல்லுங்க. நான் இப்போ வேற இடத்துல மொத்தத்தையும் எடுத்துட்டு முதல்லேருந்து பண்ண வச்சிருக்கேன். பழைய கடைக்காரங்க பணம் இன்னும் தரல, போட்டோ, பில், மெசேஜ் எல்லாம் பத்திரமா இருக்கு, விடப் போறதில்ல.