கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் சர்வர் வேலைக்கு ஆள் வைப்பவர்கள் கவனத்துக்கு

மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு பில்லிங் மென்பொருள் போட்டுக் கொடுக்கிறோம். ஆலைக்கு ஒரு லினக்ஸ் சர்வர். சீசனுக்கு முன் எல்லாவற்றிலும் பாஸ்வேர்டுக்குப் பதில் எஸ்எஸ்ஹெச் கீ (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் டிஜிட்டல் சாவி) போட்டுவிடலாம் என்று கிருஷ்ணகிரியில் ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தோம். ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு நிரல்) எழுதி சீக்கிரமே முடித்தார், முழுப் பணமும் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் ஒரு ஆலையின் லாகை, அதாவது யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவைப் பார்த்தால், நள்ளிரவில் யாரோ ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள யூசராக) நுழைந்திருக்கிறார்கள். யாருடைய கீயை உள்ளே விடலாம் என்று பட்டியல் இருக்கும் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில் எங்கள் கீக்குக் கீழே அவருடைய லேப்டாப் கீ. எல்லா சர்வரிலும் அப்படியே! கேட்டதற்கு, "பிரச்சினைன்னா நாந்தானே சார் வந்து பாக்கணும்" என்றார். எடுக்கச் சொன்னோம். வருடப் பராமரிப்புக்குப் பணம் கட்டுங்கள், பிறகு பேசலாம் என்றார். அதோடு போன் எடுப்பதில்லை.

நாங்களே அந்த வரியை அழித்தோம். மறுநாள் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரான்டேப்பில் அதை மறுபடி சேர்க்க ஒரு வரி போட்டு வைத்திருக்கிறார். இதை மறதி என்று யார் நம்புவது?

ஸ்கிரிப்ட்டைப் படித்தபோது இன்னும் கோபம் வந்தது. கீ என்பது ஒரு ஜோடி: பூட்டு மாதிரி பப்ளிக் கீ, அதைத் திறக்கும் சாவி மாதிரி பிரைவேட் கீ. சர்வருக்குப் போக வேண்டியது பப்ளிக் கீ மட்டும்தான். எஸ்எஸ்ஹெச் காப்பி ஐடி கட்டளை அதைத்தான் செய்கிறது. இவர் பிரைவேட் கீயையும் பாஸ்ஃபிரேஸ் (கீயைக் காக்கும் கடவுச்சொல்) இல்லாமல் எல்லா சர்வருக்கும் நகலெடுத்திருக்கிறார். ஒரு ஆலையின் சர்வர் யாரிடமாவது சிக்கினால் மற்ற எல்லா ஆலைக்கும் அதே கீயால் போய்விடலாம். ரூட் பாஸ்வேர்டுகள் ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே பச்சையாக இருந்தன. ஹோஸ்ட் கீ சோதனையையும் அணைத்திருந்தார். புது சர்வர் உண்மையானதுதானா என்று கேட்காமலே இணைந்துவிடும். நடுவில் யாராவது இருந்தால் பாஸ்வேர்டு அவர் கைக்குப் போகும்.

இப்போது எல்லா கீயையும் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டோம். சைபர் கிரைம் போலீசில் புகாரும் கொடுத்திருக்கிறோம். அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66 பிரிவுகளில் வரும்.

ஓசூர், தர்மபுரி வரை இவர் வேலை செய்திருப்பதாகத் தெரிகிறது. யாரிடம் வேலை கொடுத்திருந்தாலும் எஸ்எஸ்ஹெச் கீஜென் கட்டளையை எல்எஃப் ஆப்ஷனோடு ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பின் மேல் ஓட்டுங்கள், உள்ளே இருக்கும் கீகளின் ஃபிங்கர்பிரிண்ட் (ஒவ்வொரு கீயையும் அடையாளம் காட்டும் சுருக்கக் குறியீடு) எல்லாம் வரும். ரூட்டோடு நிறுத்தாமல் மற்ற யூசர்களையும் கிரான்டேப்பையும் பாருங்கள். தெரியாத கீ இருந்தால் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். முதலில் லாகையும் அந்தக் கோப்பையும் நகலெடுத்து வையுங்கள், புகார் கொடுக்கும்போது கேட்பார்கள்.