கிடாவெட்டன்று எடுத்த ரத்தம்

அப்பாவுக்கு 63 வயது. சொந்த ஊர் வலங்கைமான் பக்கம். சர்க்கரையால் சிறுநீரகம் பழுதாகி, மூன்று வருடமாகத் தஞ்சாவூரில் வைத்தியம் பார்க்கிறோம்.

போன மாசியில் குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டு. பந்தியில் கறிச்சோறு சாப்பிட்டுக் கைகழுவிய ஈரம் காய்வதற்குள், மாமா ஒருவர் அப்பாவைக் கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப் போய்விட்டார். சிறுநீரக முகாமாம். அங்கேயே ரத்தம் எடுத்தார்கள். கிரியாட்டினின் 2.3. சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு அது, பழுது கூடக்கூட ரத்தத்தில் ஏறும். "ஐயா, இது மூலிகைப் பொடி. 90 நாள் சோதனையில் உங்களைச் சேர்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். சோதனைதான், ஆனால் மாதம் 7,500 ரூபாய் நாம் கட்ட வேண்டும்.

பொடியோடு பத்தியமும் உண்டு. கறி, மீன் கூடாது. காலையில் வாழைத்தண்டுச் சாறு, மாலையில் இளநீர். கொல்லையிலேயே வாழையும் தென்னையும் நிற்கின்றன, கேட்கவா வேண்டும்? 30ஆம் நாள் அவர்களே எடுத்த ரத்தத்தில் 1.9. அப்பா அந்தச் சீட்டை ஊரெல்லாம் காட்டினார். நானும் நம்பினேன், அதைச் சொல்லிவிடுகிறேன்.

எட்டாவது வாரம் களத்தில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. கால் இரண்டும் துவண்டுவிட்டன. தஞ்சாவூருக்குக் கொண்டுபோனால் பொட்டாசியம் 6.7. ரத்தத்தில் இருக்கும் உப்பு, ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டிய சரக்கு அது. மிஞ்சினால் இதயத்தையே நிறுத்திவிடும். ஈசிஜியைப் பார்த்ததுமே கால்சியம் ஊசி போட்டார்கள். அப்பா சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரை டெல்மிசார்டன். அதுவே பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும். அதற்கு மேல் தினமும் பொட்டாசியம் நிறைந்த தண்டுச் சாறும் இளநீரும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று முகாமில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கிரியாட்டினின் 3.4 ஆகியிருந்தது.

வார்டில் அப்பாவின் மஞ்சப்பையைக் கொட்டித் தேடியபோதுதான் ஐப்பசியில் எடுத்த பழைய சீட்டு கையில் கிடைத்தது. அதில் 1.9. ஆக, பொடி எதையும் இறக்கவில்லை. சமைத்த கறி சாப்பிட்டால் சில மணி நேரத்துக்குக் கிரியாட்டினின் ஏறும் என்றார் டாக்டர். மாசி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்ததும் சேர்ந்திருக்கும். ஏறியிருந்த நேரத்தில் முதல் ரத்தம், கறியை நிறுத்திய பிறகு அடுத்த ரத்தம். இவ்வளவுதான் அந்தச் சோதனை.

நிஜமான மருந்துச் சோதனை என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். 2009 ஜூனிலிருந்து இது கட்டாயம். எண்ணைப் போட்டு யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். இவர்களிடம் கேட்டேன். டப்பாவில் இருந்த 14 இலக்க எண்ணைக் காட்டினார்கள். அது உணவுப் பொருளுக்கான உரிமம்!

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. நம் ஆடுதீண்டாப்பாளையின் இனத்துச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடம்பு இளைக்கக் கொடுத்த மூலிகையில் அது கலந்திருந்து, பல பெண்களுக்குச் சிறுநீரகமே போயிற்று.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "நச்சு வெளியேறும்போது அப்படித்தான் ஏறும் தம்பி, நடுவில் நிறுத்தியது உங்கள் தப்பு" என்றார்கள். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

இப்போது கிரியாட்டினின் 2.8இல் நிற்கிறது. அரை டப்பா பொடி இன்னும் பீரோ மேல் இருக்கிறது. எடுத்துக் குப்பையில் போடலாம் என்றால் அப்பா விடமாட்டேன் என்கிறார். "ஏழாயிரத்து ஐந்நூறுடா" என்கிறார்.