அதிகம் விற்ற ஜிடிஎக்ஸ் 1060 வரைகலை அட்டையை இன்றும் வாங்கலாமா?

என்விடியா நிறுவனம், கணினித் திரையில் படங்களை உருவாக்கும் தன் வரைகலை அட்டைகளின் விற்பனை எண்ணிக்கையை ரகவாரியாக வெளியிடுவதில்லை என்பதால், எந்த அட்டை அதிகம் விற்றது என்று அறிய விரும்புவோர் ஸ்டீம் விளையாட்டுத் தளத்தின் மாதாந்திர வன்பொருள் கணக்கெடுப்பையே நாடுகின்றனர். 2016 ஜூலையில் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1060, அதில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் முதலிடத்தில் இருந்து, 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில்தான் ஜிடிஎக்ஸ் 1650க்கு இடம்விட்டது. மேசைக் கணினிகளையும் மடிக்கணினிகளையும் ஒரே பெயரில் சேர்த்தெண்ணிய கணக்கு அது என்றாலும், அந்த அட்டை எவ்வளவு பரவலாகப் புழங்கியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அது அப்படிப் பரவியதற்குக் காரணம், அதன் மின்தேவை 120 வாட் மட்டுமே. 2017இல் வந்த போட்டி அட்டையான ஏஎம்டி ஆர்எக்ஸ் 580க்கு 185 வாட் வேண்டியிருந்தது. ஆறு ஊசி கொண்ட ஒரே மின்இணைப்பும் 400 வாட் மின்வழங்கியும் போதும் என்பதால், பழைய கணினியிலும் வேறெதையும் மாற்றாமல் இதைப் பொருத்திவிடலாம். சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சிறிய படுக்கையறையில் இரவு நெடுநேரம் விளையாடினாலும் அறை சூடேறுவதில்லை; குளிர்சாதனத்தை எந்நேரமும் ஓடவிட முடியாத குடும்பங்களுக்கு இது பெரிய நன்மை.

இதே பெயரில் விற்கப்பட்ட 3 ஜிபி அட்டையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 6 ஜிபி அட்டையில் 1,280 கணிப்பகங்கள் (கணக்கிடும் சிறு அலகுகள்) இருக்க, இதில் 1,152 மட்டுமே உண்டு. நினைவகத்தோடு கணிப்புத் திறனையும் குறைத்துவிட்டு ஒரே எண்ணைச் சூட்டியது வாங்குவோரை ஏமாற்றும் செயல் என்றே கருதுகிறேன்.

சிங்கப்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்கொயரிலோ இணையத்திலோ பழைய அட்டையை வாங்குவோர், அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் பின்தகட்டின் திருகுகள் துருப்பிடித்திருக்கலாம். மின்விசிறிக்கு அடியில் உள்ள அலுமினியத் தகடுகளின் இடுக்குகளில் தூசி கம்பளிபோல் படிந்திருக்கலாம். விசிறியை விரலால் மெல்லச் சுழற்றினால் தேய்ந்த தாங்கியின் உரசல் கேட்கும். 2017இலும் 2021இலும் மின்நாணயம் (கிரிப்டோ) ஈட்டுவதற்காக இரவுபகலாக ஓடிய அட்டைகள் பல என்பதால், கடையிலேயே கால்மணி நேரம் இயக்கிக் காட்டச் சொல்வதில் தவறில்லை.

அட்டையை இயங்கவைக்கும் மென்பொருளான இயக்கியில் (driver) புதிய விளையாட்டுகளுக்காகச் செய்யப்படும் மேம்பாடுகள் இந்த அட்டைக்கு 2025 அக்டோபருடன் நின்றுவிட்டன; பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஒளிக்கதிர்களின் பாதையைக் கணித்து நிழல்களையும் பிரதிபலிப்புகளையும் காட்டும் கதிர்த்தடத்துக்கான (ray tracing) தனி வன்பொருளும் இதில் இல்லை. எனவே பழைய விளையாட்டுகளோடு நிறைவடைவோர் 6 ஜிபி அட்டையை மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். மற்றவர்கள், பின்னாளில் அதே கணக்கெடுப்பில் முதலிடம் பிடித்த ஆர்டிஎக்ஸ் 3060இன் 12 ஜிபி அட்டைக்குச் செல்வதே மேல். அது 170 வாட் இழுக்கும் என்பதால், 550 வாட் மின்வழங்கிக்கான செலவையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.